முப்பத்தெட்டுக் கண்கள்

ஆந்தையின் கண்ணைப் பிடுங்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஒரு கொக்கி ஊசியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

பயப்படாதீர்கள். உயிருள்ள ஆந்தை இல்லை, வினைல் தாளில் வெட்டிய ஆந்தை. அதன் கண்களைப் பிடுங்கியது துருவி. அவளுக்குப் பத்து வயது. எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்று வீட்டில் வைத்த பட்டப்பெயர் அது. பள்ளிக்கும் எப்படியோ பரவி, அங்கேயும் அதுவே நிலைத்துவிட்டது.

துருவியின் அக்கா, டி-சர்ட்டில் படம் ஒட்டித் தரும் தொழிலைத் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. முன்னறைதான் கடை. ஒரு சின்ன வெட்டும் எந்திரம், யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற ஒரு பிரஸ், சுருள் சுருளாக வினைல் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள். கடைக்குப் பெயர்கூட இன்னும் வைக்கவில்லை.

வேலை இதுதான். எந்திரம் தாளில் படத்தை வெட்டிக் கொடுக்கும். படத்துக்குத் தேவையில்லாத துண்டுகளைக் கொக்கி ஊசியால் கிளப்பி எடுத்துவிட வேண்டும். மீதிப் படத்தைத் துணிமேல் வைத்து, பிரஸ்ஸின் சூடான மேல்தட்டை இறக்கிப் பதினைந்து விநாடி அழுத்த வேண்டும். படம் துணியோடு ஒட்டிக்கொள்ளும். மேலே இருக்கும் கண்ணாடித் தாளை உரித்துவிட்டால் முடிந்தது.

சொல்வதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. அக்கா முதன்முதலில் அப்பாவுக்கு ஒட்டிய டி-சர்ட்டில் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பிக்கொண்டது. படத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வெட்ட வேண்டும் என்பதை அவள் மறந்துவிட்டாள். அப்பா அதை முகம் மழிக்கும்போது மட்டும் போட்டுக்கொள்வார். "கண்ணாடியில பாத்தா நல்லாத்தாம்மா இருக்கு" என்பார்.

இப்போது முதல் பெரிய வேலை வந்திருந்தது. நூலகத்து வாசகர் குழுவுக்கு இருபது கறுப்பு டி-சர்ட்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆந்தை. அதுவும் இருட்டில் ஒளிரும் வினைலில். பகலில் அந்தத் தாள் வெறும் பால் நிறமாக இருக்கும். வெளிச்சத்தை வேண்டிய மட்டும் குடித்துவிட்டு, இருட்டானதும் பச்சையாக ஒளிரும்.

ஆந்தையின் கண் இருக்கும் இடத்தில் இரண்டு வட்டம். அந்த வட்டத் துண்டுகளை எடுத்துவிட்டால் அங்கே கறுப்புத் துணி தெரியும். அதுதான் கண்.

"இருவது ஆந்தை, நாப்பது கண்ணு. எல்லாத்தையும் இந்த டப்பாவுல போட்டு கடைசியில எண்ணு" என்றாள் அக்கா.

"குப்பைதானே, எதுக்கு எண்ணணும்?"

"ஒண்ணை எடுக்க மறந்துட்டா அந்த ஆந்தை ஒத்தைக் கண்ணோட நிக்கும். எண்ணிடு, அவ்வளவுதான்."

மேசை முழுக்க டி-சர்ட் அடுக்கியிருந்தது. துருவி சுற்றிலும் பார்த்தாள். பிரஸ் வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தது. சூடும் இல்லை. அதன் கீழ்த்தட்டில் வெள்ளைத் துணி போட்ட மெத்தை, உட்கார்ந்து வேலை பார்க்க வாகான உயரம். தாளை அதன்மேல் விரித்து வேலையை ஆரம்பித்தாள். அக்கா பார்த்திருந்தால் திட்டியிருப்பாள். அக்கா அப்போது சமையலறையில் இருந்தாள்.

ஒரு கண், இரண்டு கண். ஊசி முனையால் ஓரத்தைக் கிளப்பினால் வட்டம் மெல்லக் கழன்று வரும். பத்தாவது ஆந்தைக்குப் பிறகு துருவிக்கு என்னவோ போல் இருந்தது. கண் பறிபோன ஆந்தைகளெல்லாம் வரிசையாகப் படுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

எல்லாம் முடிந்ததும் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினாள். முப்பத்தெட்டு.

மறுபடி எண்ணினாள். முப்பத்தெட்டேதான்.

மேசைக்கு அடியில் தேடினாள். தன் சட்டையை உதறிப் பார்த்தாள். ஆந்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இருபதுக்கும் இரண்டு கண்களும் சரியாக எடுத்தாகிவிட்டது. அப்புறம் என்ன?

"எத்தனைடி?" என்று உள்ளிருந்து அக்காவின் குரல்.

"நாப்பது!" என்றாள் துருவி.

ரொம்பச் சின்னப் பொய்தான். இரண்டே இரண்டு.

அப்போதுதான் யாரோ கதவைத் தட்டினார்கள். மேல்மாடியில் குடியிருக்கும் மாவு மாமா நின்றிருந்தார். பேக்கரியில் இரவு வேலை. சாயங்காலம் போனால் காலையில்தான் வருவார். வரும்போது புருவத்தில்கூட மாவு படிந்திருக்கும். இந்தக் கட்டடத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகியும் யாரோடும் இரண்டு வார்த்தை பேசினதில்லை. கோபக்காரர் என்று சிலர் சொன்னார்கள். உண்மையில் கூச்சக்காரர்.

"துணியில படம் ஒட்டித் தர்றீங்கன்னு சொன்னாங்க" என்றார், தன் செருப்பைப் பார்த்தபடி.

"ஆமா மாமா, உள்ள வாங்க" என்றாள் அக்கா.

"வேண்டாம்மா, மாவு கொட்டும்." கையில் இருந்த வெள்ளைக் கோட்டை நீட்டினார். "பேக்கரியில நாங்க அஞ்சு பேர். அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரி கோட்டு. தினமும் மாறிடுது. நேத்து ஒருத்தர் கோட்டை நான் போட்டுட்டு வந்துட்டேன். பாத்தா பாக்கெட்டுல அவரோட மூக்குக்கண்ணாடி! பாவம், உப்பு எது சர்க்கரை எதுன்னு நக்கி நக்கிப் பாத்தே வேலை செஞ்சிருக்கார்."

துருவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமா சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று யோசிப்பவர் போல நின்றார்.

"நெஞ்சுப் பக்கம் சின்னதா ஒரு ரொட்டிப் படம் போதும்."

அக்கா பழுப்பு வினைலில் ஒரு ரொட்டியை வெட்டினாள். பிரஸ்ஸைச் சூடேற்றினாள். பிறகு துருவியைப் பார்த்து, "இத நீ ஒட்டறியா?" என்றாள்.

துருவிக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரமாக இதற்காகத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கோட்டைக் கீழ்த்தட்டில் விரித்து, சுருக்கம் நீவி, ரொட்டியை வைத்து, இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்து இறக்கினாள். பதினைந்து எண்ணினாள். கண்ணாடித் தாளை உரித்தாள். ரொட்டி கச்சிதமாக ஒட்டியிருந்தது.

மாமா அந்த ரொட்டியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் சிரித்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள் துருவி. காணாமல் போன இரண்டு கண்ணும் அவளுக்குச் சுத்தமாக மறந்தே போயின.

*

அன்று சாயங்காலம் ஆறரை மணி. குப்பைப் பையைக் கீழே போட்டுவிட்டு வரச் சொன்னாள் அம்மா.

அந்தக் கட்டடத்துப் படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. துருவி வீடு இருந்த மூன்றாம் மாடியில் மாட்டியிருந்த ஒரே விளக்கும் எரியாமல் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. எதிர்வீட்டார் மாற்றுவார்கள் என்று இவர்களும், இவர்கள் மாற்றுவார்கள் என்று எதிர்வீட்டாரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

துருவி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கண் இருட்டுக்குப் பழகவில்லை. எங்கிருந்தோ லேசாக ஒரு புளிப்பு வாசனை. காலடிச் சத்தம் ஒன்றுமில்லை.

படிக்கட்டின் பாதியில், இருட்டுக்குள் இரண்டு கண்கள் இருந்தன.

பச்சைக் கண்கள். வட்டக் கண்கள். ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே, தலையைச் சாய்த்துப் பார்ப்பது போல. அவை இமைக்கவில்லை. துருவியையே பார்த்தபடி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கின. திருப்பத்துக்குப் போனதும் காணவில்லை.

துருவி வீட்டுக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டாள்.

"குப்பையை ஏண்டி திரும்பக் கொண்டு வந்தே?" என்றாள் அம்மா.

"நாளைக்குப் போடறேம்மா. இன்னும் பை நிறையல" என்றாள். பை பிதுங்கிக்கொண்டிருந்தது.

முன்னறையில் அக்கா முதல் ஆந்தையை ஒட்டி முடித்திருந்தாள். "வா, வா, ஒளிருதான்னு பாக்கலாம்" என்று விளக்கை அணைத்தாள். இருட்டில் ஆந்தை மட்டும் பச்சையாக மிதந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி.

"நல்லாருக்குல்ல?" என்றாள் அக்கா.

துருவி அந்தக் குழிகளையே பார்த்தாள். டப்பாவில் காணாமல் போனது இரண்டு கண். படிக்கட்டில் இருந்ததும் இரண்டு கண். வட்டம், பச்சை, அதே அளவு. பிடுங்கியவளைத் தேடித்தான் அவை வந்திருக்கின்றன என்று அவளுக்குப் பட்டது.

யாரிடம் சொல்வது? சொன்னால், "நாப்பதுன்னு சொன்னியே?" என்று அக்கா கேட்பாளே.

மறுநாள் சாயங்காலம் அதே நேரத்தில் வெளியே ஓர் அலறல் கேட்டது. எதிர்வீட்டு வாண்டு. ஐந்து வயது, முன்பல் இரண்டும் இல்லை, படிக்கட்டில் சிங்கம் மாதிரி கர்ஜித்துக்கொண்டே இறங்குகிற பிள்ளை. இப்போது தன் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "கண்ணு! பச்சைக் கண்ணு!" என்று தேம்பினான்.

அதற்கடுத்த நாள் இரண்டாம் மாடியில் யாரோ பார்த்தார்கள். அதன் பிறகு ஆறரை மணி ஆனால் போதும். மேலிருந்து கீழ்வரை கதவுகள் டப், டப் என்று சாத்திக்கொள்ளும். வாண்டு படிக்கட்டுப் பக்கமே வருவதில்லை.

மாவு மாமா வேலை முடிந்து வரும்போது வாண்டு வீட்டுக் கதவின் கைப்பிடியில் ஒரு பையில் சூடான ரொட்டி மாட்டிவிட்டுப் போவார். வாண்டு அதற்காகவே சீக்கிரம் எழுந்துகொள்வான். இப்போது அந்தப் பை மாட்டிய இடத்திலேயே சாயங்காலம்வரை தொங்கியது.

"அந்த ஆள் குடிவந்ததுல இருந்துதான் இந்தத் தொந்தரவெல்லாம். ரொட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று வாண்டின் அம்மா, எதிர்வீட்டு அத்தை, துருவியின் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை துருவி பள்ளியிலிருந்து வந்தபோது, மாவு மாமா அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தார்.

"டி-சர்ட் வந்த அட்டைப் பெட்டி ரெண்டு மூணு இருந்தா கிடைக்குமாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"எடுத்துக்குங்க மாமா. எதுக்கு?"

"வீட்டைக் காலி பண்றேன்."

"ஏன் மாமா, என்ன ஆச்சு?"

அவர் செருப்பையே பார்த்தார். "நான் படியிறங்கினா ஒவ்வொரு கதவா சாத்துறாங்க. தினமும். என்னைப் பாத்தா அவ்வளவு பிடிக்காமப் போச்சு போல. அந்தக் குட்டிப் பையன்கூட ரொட்டியை எடுக்கறதில்ல. என்ன தப்பு பண்ணேன்னு தெரியலம்மா. போய்க் கேக்கவும் எனக்குத் தெரியாது."

பெட்டிகளை வாங்கிக்கொண்டு மேலே போனார். நடக்கும்போது சத்தமே வரவில்லை. மாவுத் தரையில் வழுக்காமல் இருக்க பேக்கரியில் கொடுக்கும் துணிச்செருப்பைத்தான் எப்போதும் போட்டிருப்பார்.

துருவி அவர் ஏறிப்போன படிகளையே பார்த்தாள். இந்த மனிதர் ஒன்றும் செய்யவில்லை. கண்ணைத் தொலைத்தது அவள். பெட்டி கட்டுவது அவர்.

*

"சே!" என்றாள் அக்கா உள்ளே.

ஓர் ஆந்தை டி-சர்ட்டைத் திருப்பிப் பிடித்திருந்தாள். முன்பக்கம் ஆந்தை அழகாக இருந்தது. பின்பக்கம் முதுகில் ஒரு பால்நிறத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"கீழ்த்தட்டுல ஒரு துண்டு கிடந்திருக்கு, நான் பாக்கல. மேல அழுத்தின சூடு துணியைத் தாண்டி கீழயும் போகும்ல? முன்னால ஒட்டும்போதே பின்னாலயும் ஒட்டிக்கிச்சு. இனிமே ஒவ்வொரு தடவையும் தட்டைத் தடவிப் பாத்துட்டுத்தான் வைக்கணும்."

துருவி அந்தத் துணுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு பென்சிலையும் தாளையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

"வாண்டு, அந்தக் கண்ணு எப்படி இருந்துச்சு? வரைஞ்சு காட்டு."

வாண்டு முதலில் மாட்டேன் என்றான். பிறகு நாக்கை நீட்டிக்கொண்டு இரண்டு வட்டம் போட்டான். ஒன்று மேலே, ஒன்று கீழே.

"அது எந்தப் பக்கம் போச்சு?"

"கீழ போச்சு."

"உன்னைப் பாத்துட்டேவா?"

"ஆமா. என்னையே பாத்துட்டே போச்சு."

துருவி படிக்கட்டுக்குப் போனாள். வாண்டு வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தான். அவள் மேலே இருக்கும் வாண்டைப் பார்த்தபடி, பின்பக்கமாகக் கீழே இறங்கினாள். ஒரு படி. இரண்டு படி. மூன்றாவது படியில் கால் தவறி, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாள்.

"என்ன பண்றே துருவிக்கா?"

"பேயாட்டம் இறங்கிப் பாத்தேன். பேய்க்கே இது கஷ்டம்டா" என்றாள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

யாராலும் இப்படி வழவழவென்று பின்பக்கமாக இறங்க முடியாது. அப்படியானால் அது பின்பக்கமாக இறங்கவில்லை. நேராகத்தான் இறங்குகிறது. கண்தான் முதுகில் இருக்கிறது.

முதுகில்! துருவி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிரஸ்ஸின் கீழ்த்தட்டில் தாளை விரித்துக் கண் பிடுங்கியது யார்? அதன்பிறகு அந்தத் தட்டில் முதலில் விரித்தது எதை?

உள்ளே போய் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் இது வெறும் நினைப்பாகப் போய்விட்டால்? நிஜமாகவே கண்கள் மட்டும் தனியாக அலைந்தால்? மணி ஆறே கால் ஆகியிருந்தது. இன்னும் கால் மணி நேரம்தான். கண்ணால் பார்த்துவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தாள்.

*

ஆறரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவுகள் சாத்திக்கொள்ள ஆரம்பித்தன. முதல் மாடியில் டப். இரண்டாம் மாடியில் டப். எதிர்வீட்டிலும் டப்.

துருவி வெளியே வந்து, தன் வீட்டுக் கதவை மெல்லச் சாத்தினாள். இருட்டு அவளைச் சுற்றி அடைத்துக்கொண்டது. முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றாள். தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். தெரியவில்லை. இதயம் அடிக்கும் சத்தம் கீழ்மாடிவரை கேட்கும் என்று தோன்றியது.

முதலில் வாசனைதான் வந்தது. அன்றைக்கு வந்த அதே புளிப்பு வாசனை. இப்போது அது என்னவென்று தெரிந்தது. பொங்கின ரொட்டி மாவு.

பிறகு காற்று லேசாக அசைந்தது. ஏதோ ஒன்று மேலிருந்து இறங்கி, அவளுக்கு மிக அருகில் வந்து, அவளைக் கடந்து போனது. ஒரு சத்தமும் இல்லை. கண்ணும் இல்லை. வெறும் இருட்டு.

அது கடந்து போன அடுத்த நொடியில், இருட்டுக்குள் இரண்டு பச்சைக் கண்கள் திறந்தன.

கை எட்டும் தூரம். ஒன்று மேலே, ஒன்று கீழே. துருவியின் கை கதவுப் பிடியைத் தேடியது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடிவிடலாம். ஒரே எட்டுதான். ஆனால் அப்போது அவள் கதவும் டப் என்று சாத்திக்கொள்ளும். அதையும் அவர் கேட்பார்.

கண்கள் ஒரு படி இறங்கின.

"மாவு மாமா?" என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

கண்கள் நின்றன. பிறகு சட்டென்று மறைந்துபோயின.

இருட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. "யாரும்மா அது?"

திரும்பி நின்றிருக்கிறார்! அதனால்தான் கண்ணைக் காணோம். துருவிக்கு உடம்பில் இருந்த பயமெல்லாம் ஒரே மூச்சில் வெளியே போனது. அந்த இடத்தில் அழுகை வந்து உட்கார்ந்துகொண்டது.

"மாமா, நான்தான் துருவி. உங்க முதுகுல ரெண்டு கண்ணு இருக்கு. நான்தான் ஒட்டினேன். தெரியாம ஒட்டினேன்."

"என்ன இருக்கு?"

"கண்ணு! ஆந்தைக் கண்ணு! முப்பத்தெட்டுதான் இருந்துச்சு, நான் அக்காகிட்ட நாப்பதுன்னு பொய் சொல்லிட்டேன். அந்த ரெண்டும் உங்க கோட்டுல ஒட்டிக்கிச்சு. அது இருட்டுல ஒளிருது. அதைப் பாத்துத்தான் எல்லாரும் கதவைச் சாத்துறாங்க. உங்களைப் பாத்து இல்ல மாமா!"

 கோட்டைக் கழற்றும் சரசரப்பு கேட்டது. இருட்டில் இரண்டு கண்களும் தலைகீழாகத் திரும்பி, அந்தரத்தில் தொங்கின.

"அடேயப்பா!" என்றார் மாமா. "எனக்கே பயமா இருக்கே!"

அவர் படியில் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு கர்புர் என்று ஏதோ சத்தம். அழுகிறாரோ என்று துருவி பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்புக்கு நடுவில் மூக்கையும் உறிஞ்சினார்.

"பகல் முழுக்க ஜன்னல்ல மாட்டிட்டுத் தூங்குவேன். நல்லா வெயில் குடிச்சிருக்கும்" என்றார். பிறகு மெதுவாக, "அப்போ என்னைப் பாத்து இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லவே இல்ல மாமா."

பின்னால் கதவு திறந்தது. விளக்கு வெளிச்சம் படிக்கட்டில் விழுந்தது. அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டாளோ தெரியாது.

"முப்பத்தெட்டா?" என்றாள்.

"முப்பத்தெட்டு" என்றாள் துருவி, தலையைக் குனிந்துகொண்டு.

"பிரஸ்மேல வெச்சா எடுத்தே?"

"ம்."

அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். "நானும் தட்டைத் தடவிப் பாக்காமத்தான் உன்னை ஒட்டச் சொன்னேன். மாமா, நாளைக்குப் பகல்ல குடுங்க. சூடு பண்ணி உரிச்சுத் தர்றோம்."

எதிர்வீட்டுக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. அந்த இடுக்கில், முழங்கால் உயரத்தில், ஒரு கண் தெரிந்தது. அது இமைத்தது.

துருவி கோட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தாள். "வாண்டு, உன் பேயைப் பிடிச்சுட்டேன். தொட்டுப் பாக்கறியா?"

ஒரு சின்ன விரல் வெளியே நீண்டது. கண்ணைத் தொட்டது. சட்டென்று உள்ளே போனது. மறுபடி வந்தது.

"கடிக்கலையே" என்றான் வாண்டு ஏமாற்றத்தோடு.

"வாய் இல்லையே, எப்படிக் கடிக்கும்?" என்றார் மாவு மாமா.

வாண்டு யோசித்தான். "பாவம். அப்போ அதுக்கு ஒரு வாய் வெச்சுக் குடுங்க. சிரிக்கற வாய்."

*

மறுநாள் வாண்டு வரைந்த வாயை அக்கா மீதி வினைலில் வெட்டினாள். வாய் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகவே மேலே போயிருந்தது. நடுவில் இரண்டு பல் இல்லை. அந்த இரண்டு பல்லையும் துருவிதான் கொக்கி ஊசியால் எடுத்தாள். எடுத்ததை டப்பாவில் போட்டு, "ரெண்டு" என்று சத்தமாக எண்ணினாள். உட்கார்ந்திருந்தது மேசைமுன்.

பிறகு பிரஸ்ஸின் கீழ்த்தட்டை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள். இன்னொரு தடவையும் தடவினாள். அதற்கப்புறம்தான் கோட்டைக் குப்புற விரித்தாள்.

எதிர்வீட்டு அத்தை அன்று மதியம் மேல்மாடிக்குப் போனார். என்ன பேசினார்களோ தெரியாது. திரும்பி வரும்போது அவர் கையில் மூன்று அட்டைப் பெட்டிகள் இருந்தன. "இது இனிமே அவருக்கு வேண்டாமாம்" என்று அக்காவிடம் கொடுத்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். அப்பா கடைக்குப் போய்ப் படிக்கட்டுக்குப் புது விளக்கு வாங்கி வந்து மாட்டினார். ஒரு மாதம் காத்திருந்த வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

வாண்டுக்கு மட்டும் அதில் திருப்தியில்லை. "வெளிச்சத்துல அது சிரிக்காதே!" என்றான்.

ஆறரை ஆனது. மாவு மாமா மேலிருந்து இறங்கி வந்தார். துருவி சுவரில் இருந்த பொத்தானை அழுத்தி விளக்கை அணைத்தாள். எல்லாம் இருட்டானது. பொங்கின மாவின் வாசனை அவர்களைக் கடந்து போனது.

ஒன்று மேலே ஒன்று கீழேயாக இரண்டு கண்களும், அதற்குக் கீழே பல் போன ஒரு பச்சைச் சிரிப்பும் இருட்டுக்குள் தோன்றின.

"மாமா, மெதுவா போங்க! முழுசாப் பாக்கணும்!" என்று கத்தினான் வாண்டு.

சிரிப்பு நின்றது. பிறகு முன்னைவிட மெதுவாக, ஒவ்வொரு படியாக, மேலே இருந்தவர்களைப் பார்த்தபடியே கீழே இறங்கியது. இரண்டாம் மாடியைத் தாண்டியது. முதல் மாடியையும் தாண்டியது. துருவி காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் படிவரைக்கும் எந்தக் கதவும் சாத்திக்கொள்ளவில்லை.